புளியும் காரமும் சேர்ந்தால்

வயிறு முதலில் இரையும். பிறகு இழுத்துப் பிடிக்கும். பிறகு ஒன்றுமே நடக்காதது போல அடங்கிவிடும். அந்த அடங்கலில்தான் ஆபத்து என்று வீரய்யாவுக்குத் தெரியும். முழங்காலுக்குக் கீழே கால் இருக்கிறதா என்று சந்தேகம் வரும், கையிலிருக்கிற கண்ணாடிக் குழாய் ஆடும். திராவகக் குழாய் ஆடக் கூடாது. அதனால் முழங்கைகளை விலாவில் இடுக்கிக்கொண்டு மூச்சைக் கட்டி நிற்பான். பார்க்கிறவர்கள் படிப்பில் அவ்வளவு பக்தி என்று நினைத்துக்கொள்வார்கள்.

அந்த அறை முன்பு பாதிரியாரின் குதிரை லாயம். பதுளையில் மிஷன்காரர் நடத்திய வாத்தியார் பயிற்சிக் கல்லூரியில் இரசாயனம் தொடங்கியபோது குதிரையை விற்று, சுவருக்கு வெள்ளையடித்து, நீள மேசை ஒன்றைப் போட்டுக் கொடுத்தார்கள். மழை நாளில் சுவரிலிருந்து குதிரை மூத்திர நாற்றமும் போத்தல்களிலிருந்து கந்தக நாற்றமும் கிளம்பிக் கலக்கும். சாப்பிட்ட வயிறாயிருந்தால் குமட்டும். அந்த வருஷம் யாருக்கும் குமட்டவில்லை.

ரங்கூன் அரிசி வராத வருஷம் அது. அவரவர் அரிசியை அவரவரே கொண்டுவந்தால்தான் விடுதியில் உலை வைப்போம் என்று சொல்லிவிட்டார்கள். வீரய்யாவுக்கு அரிசி அப்புத்தளைக்குக் கீழே இருக்கிற ஊசிக்கந்தைத் தோட்டத்திலிருந்து வந்தது. அங்கே அவனுடைய அக்கா வேலாயி தேயிலைக் கொழுந்து பறிக்கிறாள். தாய் தகப்பன் இல்லாத அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். தோட்டத்தில் அவளுக்கு அளக்கிற அரிசியில் பெரும்பங்கை துணியில் முடிந்து, பதுளைக்கு வருகிற வண்டிக்காரன் கையில் கொடுத்தனுப்புவாள். மிச்சத்தை வைத்துக்கொண்டு அவள் எப்படிக் காலம் தள்ளுகிறாள் என்று வீரய்யா ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டால் அந்தச் சோறு தொண்டையில் இறங்காது.

அவன் படித்தது வாத்தியார் வேலைக்கு. அதிலும் இரசாயனம் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார் வேலைக்கு. தோட்டத்துப் பள்ளிக்கூடங்களில் எழுத்தும் கணக்கும் மட்டும் போதாது, விஞ்ஞானமும் வேண்டும் என்று மேலிடத்தில் யாரோ தீர்மானித்திருந்தார்கள். கடைசிச் சோதனை ஒரு பாடம். ஏதாவதொரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில், இன்ஸ்பெக்டர் முன்னால், உண்மையான பிள்ளைகளுக்கு நடத்த வேண்டும். தேறினால் வாத்தியார் சான்றுப் பத்திரமும் வேலையும். தவறினால் பழையபடி விடியக் காலையில் தப்பு அடித்ததும் எழும்பி, ஆளெடுக்கிற பெரட்டுக்களத்துக் குளிரில் கங்காணிக்கு முன்னால் வரிசையில் நிற்க வேண்டியதுதான். வீரய்யாவின் அப்பன் அந்த வரிசையில் நின்றபடியே விழுந்து செத்தவர். வரிசை அவரைத் தாண்டி வேலைக்குப் போனது.

இரசாயனம் படிப்பித்தவர் நல்லதம்பி மாஸ்டர், யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய வலது கையில் இரண்டு விரலுக்கு நகம் கிடையாது. நுனி மெழுகு போல வழுவழுவென்றிருக்கும். அது எப்படி வந்தது என்று அவரும் சொன்னதில்லை, கேட்கவும் யாருக்கும் தைரியமில்லை. பாடம் நடத்துவதற்கு அவர் வைத்திருந்தது ஒரே வழி. பிள்ளைக்குத் தெரிந்ததைப் பிடித்துக்கொண்டு தெரியாததுக்குப் போ.

"பிள்ளையின்ர அடுப்படியில இருந்து தொடங்கும்," என்று வீரய்யாவிடம் சொன்னார். "அமிலம் எண்டால் என்ன? புளி. மற்றது காரம். ரெண்டும் சேர்ந்தால் உப்பு. இதைவிட லேசான பாடம் உலகத்தில இல்லை."

அந்த வார்த்தை வீரய்யாவுக்குள் விளக்கேற்றியது போலிருந்தது. புளி, காரம், உப்பு. இங்கிலீஷ் புத்தகத்தில் பக்கம் பக்கமாகப் போட்டுக் குழப்பி வைத்திருந்ததைத் தமிழ் மூன்று சொல்லில் முடித்துவிட்டதே என்று பூரித்துப் போனான். உப்புத் திராவகத்தை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். செம்பருத்தி என்கிற செவ்வரத்தம் பூவைக் கசக்கித் தேய்த்த தாளைத் தொட்டுத் தொட்டுப் பார்க்க வேண்டும். சிவப்பும் வராமல் பச்சையும் வராமல் தாள் நிற்கிற இடத்தில் நிறுத்தி, தண்ணீரைக் காய்ச்சி வற்றவைத்தால் அடியில் வெள்ளையாகப் படியும். அதை வாத்தியார் விரலால் தொட்டு நாக்கில் வைத்துக் காட்ட வேண்டும். வாத்தியார் நக்காத உப்பைப் பிள்ளை நம்பாது என்பது மாஸ்டரின் கட்சி.

காரம் வந்தது ஷுக்ரியின் வீட்டிலிருந்து. ஷுக்ரி வீரய்யாவோடு படித்தவன், பதுளை பஸார் வீதிக் கடைக்காரர் மகன். கடைக்குப் பின்னால் அவன் தகப்பனார் துணி துவைக்கிற சவுக்காரம் காய்ச்சி விற்றார். அதற்கென்று வாங்கி வைத்திருந்த வெள்ளைக் கட்டிகளில் கொஞ்சத்தைக் கல்லூரிக்குக் கொடுத்தார். கட்டியைத் தண்ணீரில் போட்டதும் அடுப்பில்லாமலே தண்ணீர் கொதித்தது. பார்த்துக்கொண்டு நின்ற ஷுக்ரி சிரித்தான்.

"மச்சான், எங்கட வாப்பா இதுக்குச் சவுக்காரத் தண்ணின்னுதான் சொல்லுவார். நீ போய் லயத்துப் பிள்ளைகளுக்கு முன்னால காரம் காரம்னு சொன்னியெண்டா, ரொட்டியோட வந்து குந்திடுவாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். வீரய்யாவும் சிரித்தான். சிரிப்பு அடங்கிய பிறகு ஷுக்ரி, வாப்பாவுடைய முழங்கையில் ஒரு பள்ளம் இருக்கிறது, பார்த்திருக்கிறாயா என்று கேட்டான். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் லாயத்துக்கு வெளியே கொட்டிய கழுவு நீரில் விடுதிக் கோழி ஒன்று எதையோ கொத்தியது. கொஞ்ச நேரத்தில் கழுத்தை நீட்டி, அலகைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது. சத்தம் வரவில்லை. சமையற்காரன் அதைப் பார்த்துவிட்டு, சாகுமுன் அறுத்துவிட்டான். இராத்திரிக் குழம்பில் வெகு நாளைக்குப் பிறகு கறித் துண்டு கிடந்தது. எந்தக் கோழி என்று ஒருவரும் கேட்கவில்லை. வீரய்யா எலும்பையும் கடித்துச் சப்பினான்.

ஆனால் ஷுக்ரி சொன்னது அவன் மனசில் உறுத்திக்கொண்டிருந்தது. தோட்டத்துக் குடும்பங்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்தில் எல்லாப் பெண்களுக்கும் சவுக்காரத் தண்ணி தெரியும். வெள்ளாவி வைக்கிற தண்ணி, கையை அரிக்கிற தண்ணி, சின்னப் பிள்ளை கிட்டே போனால் முதுகில் அறை விழுகிற தண்ணி. அந்தப் பேரையே பாடத்தில் சொல்லிவிட்டால் என்ன என்று மாஸ்டரிடம் போய்க் கேட்டான்.

மாஸ்டர் முகம் சுருங்கியது. "சவுக்காரம் எண்டது சந்தைப் பேச்சு. அப்பிடிச் சொன்னால் இவனுக்கு இரசாயனம் தெரியாது, துணி வெளுக்கத்தான் தெரியும் எண்டு இன்ஸ்பெக்டர் எழுதிப்போட்டுப் போவார். புத்தகத்தில காரம் எண்டு கிடக்குது. காரம் எண்டே சொல்லும். உமக்குப் பத்திரம் வேணுமோ வேண்டாமோ?"

வேணும் என்றான் வீரய்யா. போத்தலில் ஒட்டுவதற்கு வெள்ளைத் தாளை நறுக்கி, தன் கையெழுத்தில் முத்து முத்தாக எழுதினான். காரம்.

பாடம் நடத்த அவனுக்குக் கிடைத்தது அவன் பிறந்த தோட்டத்துப் பள்ளிக்கூடமே. முதல் நாளே போத்தல்களை வைக்கோலில் சுற்றிப் பெட்டியில் வைத்துத் தலையில் தூக்கிக்கொண்டு, பண்டாரவளை வரை நடந்து, அங்கே ரயிலேறி அப்புத்தளையில் இறங்கினான். மலையை மேகம் மூடியிருந்தது. குறுக்குப் பாதையில் தன் காலடிக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல்தான் இறங்கினான். லயத்துக்கு வந்து சேர்ந்தபோது வேலாயி மலையிலிருந்து இறங்கி, நனைந்த கம்பளியை வாசலில் உதறிக்கொண்டிருந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தாள். தோளெலும்பு கூடைக் கயிற்றுக்கென்றே செய்தது போலத் துருத்திக்கொண்டு நின்றது. அவனைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள்.

அவள் கஞ்சி காய்ச்சினாள். மாவுக் கஞ்சி, தண்ணீர் கூடியது. உப்பில்லை. கடையில் உப்பும் மிளகாயும் தீர்ந்து போய், வரும் வரும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்களாம். கஞ்சியைக் குடித்துக்கொண்டே அவன் நாளைய பாடத்தை அவளுக்குச் சொல்லிக்காட்டினான். அது அவனுக்குப் பழைய பழக்கம். பள்ளிக்கூடத்தில் தான் படித்த எழுத்தை அன்றன்றைக்குச் சாயங்காலம் அடுப்புச் சாம்பலைப் பரப்பி அக்காவுக்கு எழுதிக்காட்டுவான். அவளும் பக்கத்திலேயே எழுதிப் பழகினாள். அவனுடைய முதல் மாணவி அவள்தான். இப்போதும் அரிசிச் சாக்கில் அச்சடித்ததைக்கூட விரல் வைத்து, எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்துவிடுவாள். அந்த லயத்தில் எழுத்துத் தெரிந்த பெண்ணென்றால் அவள் ஒருத்திதான்.

"புளியும் காரமும் சேந்தா தொட்டுக்கிற சம்பலுன்னுல்ல நான் நெனச்சேன், வாத்தியாரே," என்றாள்.

"உப்புக்கா. நெசமான உப்பு. நாளைக்கு வந்து பாருங்க."

"வந்தா ஒரு நா பேரு போயிருமே."

ஒரு நாள் வேலைக்குத்தான் அங்கே பேர் என்று சொல்வார்கள். பேர் போனால் அன்றைய கூலியும் போச்சு, அதற்குரிய அரிசியும் போச்சு. அவள் அடுப்பில் விறகைத் தள்ளினாள். பிறகு, போனாப் போகுது, என் தம்பி உப்புப் பண்றதைப் பாக்காம நான் எதைப் பாக்கப் போறேன் என்றாள்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் துரை மோட்டாரில் வந்தார். நல்லதம்பி மாஸ்டர் அவருக்குப் பின்னால் குடை பிடித்துக்கொண்டு வந்தார். பள்ளிக்கூடம் என்பது ஒரு தகரக் கொட்டகை. மேகம் ஒரு பக்கத்தால் நுழைந்து மறு பக்கத்தால் வெளியே போய்க்கொண்டிருந்தது. பிள்ளைகள் சாக்குத் துண்டுகளைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சன்னல் ஓரத்தில், கம்பளியைத் தலையோடு மூடி, வேலாயி நின்றாள்.

வீரய்யா நேராக அடுப்படியிலிருந்து தொடங்கினான். வீட்டில் அம்மா குழம்பு வைத்தால் என்ன போடுவாங்க? புளி, என்று கத்தினார்கள். வேறே? காரம். வேறே? உப்பு.

அந்த மூன்று பேரையும் சொல்லி முடித்த கையோடு, கொட்டகையில் இருந்த எல்லாத் தொண்டையும் ஒன்றாக ஏறி இறங்கியது. ஒரு பிள்ளை புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டது. இன்ஸ்பெக்டர் மாஸ்டர் பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னார், மாஸ்டர் தலையாட்டினார். பிள்ளைகளின் கவனத்தை மெச்சினாராம். அது கவனமில்லை என்று வீரய்யாவுக்குத் தெரியும். அந்த எச்சிலை அவனுக்கு நன்றாகத் தெரியும். அவன் வாயிலும் அதுதான் ஊறிக்கொண்டிருந்தது. சவுக்காரத் தண்ணி என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. இன்ஸ்பெக்டரின் கையிலிருந்த பென்சிலைப் பார்த்தான். சொல்லை விழுங்கிக்கொண்டு, போத்தலைத் தூக்கிக் காட்டி, "இதுதான் காரம்," என்றான்.

பாடக் குறிப்பில் இன்னொரு படி இருந்தது. கோழி இறகு ஒன்றைச் சூடான காரத்தில் தோய்த்து, அது கூழாகிக் கரைவதைக் காட்ட வேண்டும். இதைத் தொடாதே, வாயில் வைக்காதே என்று பிள்ளைக்கு உறைப்பதற்காக மாஸ்டரே எழுதிக் கொடுத்த படி. சட்டைப்பையில் இறகு இருந்தது. ஆனால் ஈர விறகு புகைந்ததே தவிர எரியவில்லை, கிண்ணம் வற்ற நேரமெடுத்தது, இன்ஸ்பெக்டர் சங்கிலிக் கடிகாரத்தை வெளியே எடுத்தார். மாஸ்டர் பின்னாலிருந்து கையை வீசினார். விட்டுவிடு, உப்புக்கு வா. வீரய்யா இறகைப் பையிலேயே விட்டுவிட்டான்.

கிண்ணத்தின் அடியில் வெள்ளை படிந்தது. அவன் விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். உப்பு. பிள்ளைகள் வரிசையாக வந்து ஆளுக்கொரு விரல் தொட்டார்கள். தொட்டவர்கள் மறுபடியும் வரிசையின் வாலில் போய் நின்றார்கள். சன்னல் வழியாக ஒரு கை நீண்டது. கொழுந்துக் கறை படிந்து வெடித்த விரல்கள். வீரய்யா கிண்ணத்தை அங்கே கொண்டுபோனான். வேலாயி தொட்டு வாயில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"உப்பேதான் தம்பி," என்றாள்.

இன்ஸ்பெக்டர் சத்தம் போட்டுச் சிரித்து, தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, மாஸ்டரின் கையைக் குலுக்கினார். தேறிவிட்டான். எல்லோரும் ஒரே மோட்டாரில் பதுளைக்குத் திரும்பலாம், ஏறு என்றார்கள்.

திராவகம் முழுதும் செலவாகிவிட்டது. காரப் போத்தலில் பாதி மிச்சமிருந்தது. அதைக் கண்டதும் மோட்டார் ஓட்டுகிறவன் ஏற்றமாட்டேன் என்றான். முன்னொரு தரம் இதே மாதிரிப் போத்தல் ஒன்று கசிந்து தோல் இருக்கையைத் தின்றுவிட்டதாம். துரையுடைய இருக்கைக்கு ஒன்று ஆனால் தன் வேலை போய்விடும் என்றான். மாஸ்டரும் சரியென்றார். வீட்டில் வைத்துவிட்டு வாரும், பிறகு எடுக்கலாம்.

வீரய்யா போத்தலைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கு ஓடினான். வேலாயி வாசலில் நின்றாள். போத்தலை இரண்டு கையாலும் வாங்கி, தாளில் விரலை வைத்தாள்.

"கா… ர… ம்." நிமிர்ந்து பார்த்தாள். "சரியா தம்பி?"

"சரிக்கா. சரியா வாசிச்சீங்க." மோட்டார் ஊதியது. "பத்திரமா வையுங்க. வெலை கூடின சாமான்."

இரண்டாவது தரமும் ஊதியது. அவன் படியிறங்கி ஓடினான். இன்னொரு வார்த்தை சொல்ல நேரமிருந்தது. அவனுக்கு அப்போது தோல் இருக்கையில் உட்காரப் போகிற அவசரம்.

அடுத்த வாரம் அரிசிப் பைக்குப் பதிலாக வண்டிக்காரன் சேதி கொண்டுவந்தான். அக்கா தோட்டத்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். வாய் வெந்து போச்சு.

நடந்ததைப் பிறகு அடுத்த வீட்டு ரெங்கம்மா அவனுக்குச் சொன்னாள். கடையில் அன்றைக்கும் உப்பு வரவில்லை. வெறும் மாவுக் கஞ்சி யாருக்கும் இறங்கவில்லை. வேலாயி, இருடி, என் தம்பி உப்புப் பண்ற வித்தையச் சொல்லிக் குடுத்திருக்கான் என்றாளாம். புளியைக் கரைத்து வடிகட்டினாளாம். போத்தலைத் திறந்து, முதலில் எழுத்தை ஒருமுறை வாசித்துப் பார்த்தாளாம், வேறே சாமானாக இருந்துவிடக் கூடாதே என்று. புளித்தண்ணியில் அதை ஊற்றி, பாடத்தில் பார்த்தபடியே கலக்கி, கொஞ்ச நேரம் விட்டு, கஞ்சியில் சேர்த்தாளாம். பசி. ருசி பார்க்கவெல்லாம் பொறுக்கவில்லை. முழு மிடறாகக் குடித்தாள்.

"ரெண்டாவது கிண்ணம் எனக்குத்தான் ஊத்தி வச்சிருந்தா," என்றாள் ரெங்கம்மா. "கத்த வாயத் தொறந்தா. சத்தமே வல்ல. கழுத்த நீட்டி நீட்டிச் சுத்தி வந்தா."



அவனோடு நல்லதம்பி மாஸ்டரும் ஆஸ்பத்திரிக்கு வந்தார். வாசலில் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார். தோட்டத்துத் துரை விசாரிக்க வருகிறார், யாருடைய போத்தல், யார் கொடுத்தது என்று கேட்பார் என்றார். வெறும் காரம் என்று எழுதிய போத்தலை எழுத்துத் தெரிந்த ஒருத்தி கையில் கொடுத்தோம் என்று வெளியே வந்தால் பிழை பாடத்தின்மேல் வந்துவிழும். பாடத்தை எழுதியவர் அவர், நடத்தியவன் இவன். "ரெண்டு பேரும் தெருவில நிப்பம்," என்றார். நகமில்லாத விரல்கள் அவன் சட்டையை விடவேயில்லை.

வேலாயி சாக்குக் கட்டிலில் கிடந்தாள். உதடு வெள்ளையாகத் தோலுரிந்து, மோவாயில் புண்நீர் வடிந்துகொண்டிருந்தது. மருந்து கொடுக்கிறவர் பாலைத் துணியில் நனைத்துப் பிழிந்துகொண்டிருந்தார். துரை கைப்பிரம்போடு வந்து கட்டிலடியில் நின்றார். போத்தலை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அவருக்குத் தோட்டத் தமிழ் நன்றாக வரும்.

"போத்தல்ல எழுத்து இருக்கு. இந்தப் பொம்பளைக்கு வாசிக்கத் தெரியுமா?"

கேள்வி வேலாயியைப் பார்த்துத்தான். அவள் தலையை லேசாகத் தூக்கினாள். அந்த வலியிலும் அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. தெரியும் என்று சொல்வதற்காகத் தூக்கிய தலை. அவள் ஆட்டுவதற்குள் வீரய்யா முந்திக்கொண்டான்.

"இல்லீங்க தொரை. எங்க அக்காவுக்கு எழுத்துத் தெரியாதுங்க. கேக்காம எடுத்துட்டாங்க."

துரை உச்சுக்கொட்டினார். எழுத்துத் தெரியாத சனங்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது, இதற்காகத்தான் பள்ளிக்கூடம் வேண்டும் என்கிறது என்று மாஸ்டரிடம் இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் போனார். மாஸ்டர் குனிந்து ஆமென்றார்.

வேலாயியின் தலை மெதுவாகத் தலையணைக்குத் திரும்பியது. அவள் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் அவன் தாங்கியிருப்பான். பாடத்தில் ஏதோ ஒரு அடி விளங்காத பிள்ளை வாத்தியாரைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள். பிறகு கம்பளியை வாய்வரை இழுத்து மூடிக்கொண்டாள்.

பத்திரம் வந்தது. கூடவே வேலையும் வந்தது. இன்ஸ்பெக்டர் அந்தப் பாடத்தை அப்படி மெச்சி எழுதியிருந்ததால் வீரய்யாவைத் தோட்டத்துப் பள்ளிக்கு அனுப்பாமல் கல்லூரியிலேயே மாஸ்டருக்குத் துணையாக வைத்துக்கொண்டார்கள். அடுத்து வருகிற மாணவர்களுக்கு மாதிரிப் பாடம் காட்ட வேண்டும். ஊவா மாகாணம் முழுவதும் தோட்டங்களுக்குப் போகிற வாத்தியார்கள் எல்லோரும் அதே பாடத்தை அதே சொல்லில் நடத்த வேண்டும் என்று உத்தரவு.

ஷுக்ரி எல்ல என்கிற ஊர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் போகப் பெட்டி கட்டினான். போகுமுன் லாயத்துக்கு வந்து எட்டிப் பார்த்தான். வீரய்யா புதுப் போத்தல்களுக்குத் தாள் ஒட்டிக்கொண்டிருந்தான். ஷுக்ரி ஒரு போத்தலை எடுத்து வாசித்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தான்.

"நீ இன்னும் அந்தப் பேரை மாத்தல்ல, என்ன?"

புத்தகத்தில் அப்படித்தான் கிடக்கிறது என்றான் வீரய்யா. சொன்ன பிறகுதான் அது மாஸ்டருடைய பேச்சு என்று அவன் காதுக்கே பட்டது. ஷுக்ரி பெட்டியைத் தூக்கிக்கொண்டு சலாம் சொல்லாமல் போனான்.

புது மாணவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். தோட்டத்துப் பையன்கள், ஒட்டிய வயிறு, விலாவில் இடுக்கிய முழங்கை. வீரய்யா கரும்பலகையில் எழுதினான். புளியும் காரமும் சேர்ந்தால் உப்பு. அவர்களும் எழுதிக்கொண்டார்கள். பேனா கீறுகிற சத்தத்துக்கு நடுவே, தொண்டைகள் எச்சில் விழுங்குகிற சத்தமும் அவனுக்குக் கேட்டது.

வேலாயி பிழைத்து லயத்துக்கு வந்துவிட்டாள் என்று சேதி வந்தபோது அவன் பாரம் குறைந்த மாதிரி மூச்சு விட்டான். வாய்ப் புண் ஆறிவிட்டது. குழைந்த சோறு சாப்பிடுகிறாள். பிறகு வந்த சேதி வேறு. சோறு இறங்கவில்லை, கஞ்சிதான் இறங்குகிறது. பிறகு கஞ்சியிலும் திப்பி இருந்தால் அடைக்கிறது. உள்ளே வெந்த இடம் ஆற ஆறச் சுருங்கிக்கொண்டே வருகிறது, நெருப்பில் காட்டிய தோல் மாதிரி, இன்னும் சுருங்கும் என்று மருந்து கொடுக்கிறவர் சொல்லிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீரய்யா நல்ல அரிசியாக வாங்கி, முடிந்து எடுத்துக்கொண்டு ஊசிக்கந்தைக்குப் போனான். இப்போது அவனுக்கு அரிசி கிடைத்தது. வேலாயி அடுப்படியில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சேலைக்குள்ளே ஆள் இருக்கிறாளா என்று பார்க்க வேண்டியிருந்தது. அவனே உலை வைத்து, குழைய வடித்து, ஒரு சின்னக் கவளம் பிசைந்து அவள் வாயில் வைத்தான். தம்பி ஊட்டுகிறானே என்று அவள் வாங்கிக்கொண்டாள். மென்றாள். கழுத்தை நீட்டினாள். இன்னும் நீட்டினாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. பிறகு திரும்பி, கவளத்தை அப்படியே கையில் துப்பி, வீணாக்கக் கூடாதென்று அவன் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

குரல் அவளுக்கு வெறும் காற்றாகத்தான் வந்தது. அதனால் அடுப்புச் சாம்பலைக் கையால் பரப்பி, விரலால் எழுதினாள். கா. ர. ம். நேரான எழுத்து, அவன் பழக்கிய எழுத்து. எழுதிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். உதடு அசைந்தது. அவன் காதை அருகில் கொண்டுபோனான்.

"நான் எங்க தம்பி தப்புப் பண்ணேன்?"

சாம்பலில் அந்தச் சொல்லுக்கு முன்னால் இடம் இருந்தது. வேண்டுமான அளவு இடம். வீரய்யா அந்த வெற்றிடத்தைப் பார்த்தான். கை முழங்கால்மேல் கிடந்தது, எழும்பவில்லை. திங்கட்கிழமை வகுப்பு. மாஸ்டர், இன்ஸ்பெக்டர், பத்திரம்.

"புளி பத்தலக்கா," என்றான்.

வேலாயி யோசித்தாள். மெதுவாகத் தலையாட்டினாள். தன் கையை விரித்துப் பார்த்து, அன்றைக்கு எடுத்த புளியின் அளவை விரல்களால் காட்டி, இன்னும் கொஞ்சம் போட்டிருக்கணும் இல்லையா என்பது போல அவனைப் பார்த்தாள். அவன் ஆமென்றான்.

ச, வு, க். காரத்துக்கு முன்னால் போட வேண்டிய மூன்று எழுத்து. வேலாயிக்கு வீரய்யா பட்ட கடன் அது. இன்னும் கொடுக்கவில்லை.